கிளிநொச்சிப் பெடியன் செய்த ஹைபிரிட் கார்: மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு கிழமையாக போனில் இதே கேள்விதான்: மூன்றரை இலட்சம் கொடுத்து எங்கள் காரையும் இப்படிப் பெற்றோலிலும் கறண்டிலும் ஓடுகிற ஹைபிரிட்டாக மாற்றலாமா? இப்போதைக்கு வேண்டாம். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. கார் ஓடுகிறது, சில இடங்களில் என்னுடைய காரை விடத் திறமாகவே ஓடுகிறது, மோட்டார் ஒரு தடவைகூட நிற்கவில்லை, எதுவும் தீப்பிடிக்கவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் அக்கராயன் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிற தம்பி செய்த கார் இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஓட்டோவும் லான்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு ட்ரக்டர்) திருத்துவதுதான் தொழில். 2022இல் நாங்கள் எல்லோரும் பெற்றோல் செற் வாசலில் பாய் விரித்துப் படுத்த நாட்கள் ஞாபகம் இருக்கும். 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்து ஊற்றினார்கள். அந்த வரிசையில் நின்றபோது வந்த யோசனையாம். வரிசையில் எல்லோருக்கும் யோசனை வந்தது, இவன் ஒருவன்தான் வீட்டுக்குப் போய் ஸ்பானர் எடுத்திருக்கிறான்.

கார் பழைய மாருதி 800. என்னிடமும் அதே மொடல் இருப்பதால்தான் என்னை ஓட்டச் சொன்னான், ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா. 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர், முன் சில்லுகள் இழுக்கிற கார். பின் சில்லுகளுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, சும்மா உருண்டு வரும். அந்தச் சும்மா வருகிற பின் அச்சைக் கழற்றி எறிந்துவிட்டு, மின்சார ஓட்டோ ஒன்றின் பின் அச்சை மோட்டாரோடும் டிஃபரென்ஷலோடும் அப்படியே தூக்கி வைத்திருக்கிறான். 48 வோல்ற்று, இரண்டு கிலோவாற்று மோட்டார். டிக்கிக்குள் நான்கு 12 வோல்ற்றுப் பற்றரி, 100 அம்பியர், ஈயப் பற்றரிதான், ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குக் கிட்ட. முன்னுக்குப் பெற்றோல், பின்னுக்குக் கறண்ட். இரண்டையும் இணைக்கிற பல்லோ பட்டியோ எதுவும் காருக்குள் இல்லை, கீழே இருக்கிற றோட்டுத்தான் இணைப்பு. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பெரிய கொம்பனிகளும் இந்த முறையில் கார் செய்து விற்றிருக்கின்றன.

கராஜில் நின்ற ஒரு ஐயா, உலகத்தில் ஒருவரும் செய்யாத வேலை என்று பெருமைப்பட்டார். அவர் மனதை நோகடிக்கவில்லை, ஆனால் ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900இலேயே பெற்றோல் எஞ்சினையும் பற்றரியையும் ஒரே காரில் வைத்து ஓட்டிவிட்டார். பிறகு விக்டர் வோக் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ப்யூயிக் ஸ்கைலார்க் கார் ஒன்றுக்குள் மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சினையும் மோட்டாரையும் போட்டு, 1974இல் அரசாங்கச் சோதனைக்கே கொண்டுபோனார். அவருக்கும் ஈயப் பற்றரிதான், எட்டு. ஆகவே தம்பி தனி ஆள் இல்லை, கொஞ்சம் பிந்திவிட்டான், அவ்வளவுதான்.

ஓட்டுகிற விதத்தைச் சொல்லாமல் மிச்சம் விளங்காது. ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச், மூன்று நிலை: கறண்ட், இரண்டும், பெற்றோல். கறண்டில் ஓடும்போது எஞ்சினை நிறுத்தி, கியரை நியூற்றலில் விடவேண்டும். அக்சிலேற்றர் ஒன்றுதான், அதன் கேபிளிலேயே கறண்டுக்கும் ஒரு கைப்பிடிச் சென்சரைக் கட்டியிருக்கிறான் (ஓட்டோ ஹாண்டிலில் இருந்து கழற்றியது, இன்சுலேஷன் ரேப் சுற்றியிருக்கிறது). ஓடிக்கொண்டிருக்கும்போது பெற்றோலுக்கு மாற வேண்டுமென்றால் கிளச்சை அமத்தி, சாவியைத் திருப்பி, எஞ்சின் பிடித்ததும் வேகத்துக்கு ஏற்ற கியரைப் போட்டு, சுவிட்சைத் தட்ட வேண்டும். அதற்குமேல், வேகம் மணிக்கு 45 கிலோமீற்றர் தாண்டமுதல் சீற்றுக்குக் கீழே இருக்கிற பிரேக்கரை (கறண்ட் வெட்டுகிற சுவிட்ச்) இறக்கி, மோட்டாருக்குப் போகிற மூன்று வயரையும் வெட்டிவிட வேண்டும். “மறந்திடாதேங்கோ அண்ணை” என்று மூன்று தரம் சொன்னான். நானும் மூன்று தரம் தலையாட்டினேன்.

முதல் நாள் ரவுண் ஓட்டம். கரடிப்போக்குச் சந்தியில் இருந்து டிப்போச் சந்தி, சந்தை, பிள்ளையை ரியூஷனில் விட்டது, கடைக்குக் கடதாசி ஏற்றியது, எல்லாம் கறண்டில். இங்கேதான் எனக்கு ஆசை வந்தது. கிளச் இல்லை, கியர் இல்லை, நின்று நின்று போகிற இடத்தில் காலால் தொட்டால் போதும், பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளிவிடுகிறது. சத்தம் என்று பார்த்தால் தையல் மிசின் ஓடுவது போல ஒரு முனகல், அதுவும் கண்ணாடி இறக்கினால்தான். ஏசி போடாமலே எஞ்சின் சூடு கால்மாட்டுக்கு வராதது நம்முடைய வெயிலுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று மாருதி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் சத்தமில்லாத கார் என்றால் நம் ஊரில் ஒருவரும் விலகுவதில்லை. மாடு எப்படியும் விலகாது, அதை விடுங்கள். சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு போன ஒரு ஐயா, நான் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்டு, திடுக்கிட்டு ஹாண்டிலை ஒடித்து ஓரத்துப் புழுதிக்குள் இறங்கிவிட்டார். இறங்கி மன்னிப்புக் கேட்டேன். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு “என்ன தம்பி, தள்ளிக்கொண்டே வாறாய்?” என்றார்.

ஒரு சார்ஜில் 17 கிலோமீற்றர் ஓடியது. கணக்குப்படி 100 அம்பியர் நான்கு பற்றரி என்றால் கிட்டத்தட்ட 4.8 யூனிற்று. ஆனால் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், அதோடு இவ்வளவு அம்பியர் ஒரேயடியாக இழுத்தால் அது எழுதியிருக்கிற அளவைத் தராது. டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிற சிவப்பு எண் வோல்ற்று மீற்றர் 46க்கு இறங்கினால் நிறுத்து என்பது தம்பியின் சட்டம். நிறுத்தினேன். வீட்டில் இரவு முழுக்கச் செருகி வைத்ததில் மூன்று யூனிற்று ஏறியது.

அன்று பின்னேரம் நடந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கறண்டில் வருகிறேன், முன்னால் பஸ் நிற்கிறது, பிரேக்கை அமத்தினேன், பிடித்தது. கொஞ்சம் நகர்ந்து மறுபடி அமத்தினேன், பிடித்தது. மூன்றாம் தரம் அமத்தினால் பெடல் மரக்கட்டை. காலுக்குக் கீழே கல்லை வைத்ததுபோல, இறங்கவே மாட்டேன் என்கிறது. முழு உடம்பையும் போட்டு மிதித்துத்தான் பஸ்ஸின் பம்பருக்கு ஒரு சாண் இருக்க நிறுத்தினேன். யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது: அந்தக் காரில் பிரேக் பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சுகிற காற்று வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. எஞ்சினை நிறுத்தினால் சேமிப்பில் இருப்பது இரண்டு மிதிக்குத்தான் காணும். தம்பி 55 கிலோ பெடியன், இவ்வளவு நாளும் ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டியதில் அவனுக்கு இது தெரியவே வரவில்லை. பின்னுக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் ஏற்றிவிட்டு, பிரேக்கின் உதவியையும் எடுத்துவிட்டு, ரவுணுக்குள் விடுவது சரியில்லை. இதை முகத்துக்கு நேரே சொன்னேன். கராஜ் சுவரில் சோக்கால் “பிரேக்” என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டான், வாதாடவில்லை, அதற்கு ஒரு புள்ளி.

இரண்டாம் நாள் ஏ9. கிளிநொச்சியில் இருந்து மாங்குளம் போய்த் திரும்ப. இரணைமடுச் சந்தி வரை கறண்ட், பிறகு எஞ்சினை எடுத்தேன், எல்லாம் ஒழுங்கு. முறிகண்டியில் எல்லோரையும் போல இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு மறுபடி வெளிக்கிடும்போது கொஞ்சம் கறண்டில் விட்டுப் பார்ப்போமே என்று பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். அங்கேதான் பிழை விட்டேன். பின்னால் ஒரு லொறி லைற் அடித்துக்கொண்டு வந்து முட்டுகிற மாதிரி நின்றது, நான் அவசரமாக எஞ்சினைப் பிடித்து, மூன்றாம் கியர், நான்காம் கியர் என்று ஏற்றினேன், கீழே இருக்கிற பிரேக்கரை மறந்தே போனேன். 50 தாண்டியதும் கார் பாரமாகத் தொடங்கியது. யாரோ பின் பம்பரில் கயிறு கட்டிப் பிடித்து இழுப்பதுபோல. அக்சிலேற்றரை அமத்துகிறேன், எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. பின்னாலிருந்து ஒரு கூர்மையான ஊளை. வோல்ற்று மீற்றரைப் பார்த்தால் 51இல் இருந்தது 58, 59, 61. பிறகு டிக்கிப் பக்கமிருந்து கூழ்முட்டை மணம். ஓரம் கட்டிவிட்டேன்.

நடந்தது இதுதான். ஓட்டோ மோட்டார் ஓட்டோ வேகத்துக்குச் செய்தது. அதற்குள் இருப்பது நிரந்தரக் காந்தம். சில்லு அதை அதன் வேகத்துக்கு மேலே சுற்றினால் அது மோட்டாராக இருக்காது, ஜெனரேற்றராகிவிடும். சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, கொன்ட்ரோலருக்குள் இருக்கிற டயோட் வழியாகக் கறண்ட் தானாகவே பற்றரிக்குப் பாயும். நான் பெற்றோலை எரித்து, முன் சில்லால் காரைத் தள்ளி, பின் சில்லால் பற்றரியை அவித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோமே, அதே வேலை, ஆனால் இங்கே பெடல் மிதித்தது 300 ரூபாய்ப் பெற்றோல்.

டொயோட்டாவுக்கும் இந்தத் தலையிடி இருந்திருக்கிறது. அவர்களின் பிரியஸ் என்ற ஹைபிரிட் காரில் எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் ஒரு கிரகப்பல் தொகுதியில் ஒன்றாகப் பூட்டியிருக்கின்றன, கிளச் கிடையாது. எஞ்சின் நின்றபடி கார் வேகமாகப் போனால் சின்ன மோட்டார் பின்பக்கமாக அளவுக்கு மீறிச் சுற்றும், அதனால் இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் வேகம் மணிக்கு 67 கிலோமீற்றர் அளவைத் தாண்டினால் எஞ்சினையும் சேர்த்துச் சுற்றவிடுகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அதைக் கொம்பியூற்றர் ஞாபகம் வைத்திருக்கிறது. இங்கே நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும், லொறி லைற் அடிக்கும்போதும்.

என்னுடைய குறை முழுக்க இதுதான். மோட்டார், பற்றரி எல்லாம் காசுக்கு வாங்கலாம். எப்போது எது ஓட வேண்டும், எப்போது எது விலக வேண்டும் என்று முடிவெடுக்கிற பகுதிதான் ஹைபிரிட். தம்பியின் காரில் அந்தப் பகுதி ஓட்டுகிறவனின் மண்டைதான். என் மண்டையை நம்பி மூன்றரை இலட்சம் போட நான் தயாரில்லை.

இது நமக்குப் புதிதும் இல்லை. தொண்ணூறுகளில் நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தபோது அப்பாவிடம் ஒரு பழைய ஒஸ்ரின் ஏ40 கார் இருந்தது. பெற்றோல் தங்கம் மாதிரி, ஒரு சோடாப் போத்தலுக்குள் கொஞ்சம் வைத்திருப்பார். கார்பரேற்றருக்குப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. நிறுத்த முதல் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பி, கார்பரேற்றருக்குள் இருக்கிற மண்ணெண்ணெய் எரிந்து முடிய விட்டுத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தரம் ஸ்ராட் ஆகாது. அப்பா கதைத்துக்கொண்டே வந்து ஒரு நாளாவது குழாயை மறப்பார். பிறகு நானும் அண்ணையும் தள்ளுவோம். தள்ளி முடிய எங்கள் சட்டை இரண்டு நாளைக்கு மண்ணெண்ணெய் மணக்கும். முறிகண்டிக்கு அப்பால் ஓரம் கட்டி, டிக்கியைத் திறந்து பற்றரி ஆறும்வரை கச்சான் கோது உடைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தச் சோடாப் போத்தல்தான் ஞாபகம் வந்தது.

ஏ9இல் மிச்ச ஓட்டத்தை மோட்டாரை வெட்டிவிட்டு வெறும் பெற்றோலில் ஓடினேன். ராங்கை வாய் வரை நிரப்பி, திரும்பி வந்து அளந்த போத்தலால் ஊற்றிப் பார்த்தேன்: லீற்றருக்கு 15. என்னுடைய கார் இதே றோட்டில் 17 தருகிறது. 650 கிலோக் காரில் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் சும்மா ஏற்றிக்கொண்டு போனால் வேறென்ன நடக்கும். பிரேக் பிடிக்கும்போது கறண்ட் திரும்பி வருகிற வசதியும் இருக்கிறது, ஆனால் வன்னி தட்டையான நிலம், மாங்குளம் வரை பிரேக்கைத் தொட்டதே ஏழெட்டுத் தரம்தான். மலைநாட்டுக்காரருக்கு அது பிரயோசனப்படும்.

மூன்றாம் நாளைப் பற்றி எழுதாவிட்டால் அநியாயம். இரவு நல்ல மழை. விடிய வயலுக்குப் போகிற கிரவல் ஒழுங்கையில் இறக்கினேன். மதகுக்குப் பக்கத்தில் ட்ரக்டர் போட்ட பள்ளத்தில் முழங்கால் அளவு சேறு, என்னுடைய காரை அதற்குள் விட நினைக்கவே மாட்டேன். எஞ்சினை ஓடவிட்டு, முதலாம் கியர், சுவிட்ச் ‘இரண்டும்’. முன் சில்லு வழுக்கிச் சேற்றை வாரி பொனற்றில் அடித்தது, அதே நேரம் பின் சில்லு மெதுவாக, அவசரப்படாமல், எருமை நுகத்தில் சாய்வதுபோல ஒரு தள்ளு. ஏறிவிட்டது. திரும்பி வரும்போது வேண்டுமென்றே இன்னொரு தரம் இறக்கினேன், மறுபடியும் ஏறியது. நான்கு சில்லும் பிடிக்கிற மாருதி! பெற்றோல் மிச்சம் பிடிக்கச் செய்த காரின் உண்மையான திறமை சேற்றில் இருந்திருக்கிறது, செய்தவனுக்கே தெரியாது. வயல் வைத்திருப்பவர்கள், மாரியில் ஒழுங்கைக்குள் வீடு உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். மோட்டார் அச்சு தாழ்வாகத் தொங்குவதால் கல்லு தட்டுகிறது, அதற்கு ஒரு தகடு போட வேண்டும்.

காசுக் கணக்கு. ரவுணுக்குள் நாள் 30 கிலோமீற்றர் ஓடினால் 17 கறண்டில், 13 பெற்றோலில். பெற்றோல் 1.1 லீற்றர் முடிகிறது. மாற்றாத கார் என்றால் 2.3. லீற்றர் 300, யூனிற்று 30 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 270 ரூபாய் மிச்சம். நல்லது என்று தோன்றும். ஆனால் இப்படிப் பாதிக்கு இறக்கி ஏற்றுகிற ஈயப் பற்றரி சில நூறு தடவைதான் தாங்கும். நானூறு என்று தாராளமாகவே வைத்தால் மொத்தம் 108,000 ரூபாய் மிச்சம் பிடித்திருப்போம். நான்கு பற்றரியின் விலை தம்பி சொன்னபடி 160,000. அதாவது பற்றரிக் காசே திரும்பி வராது, அச்சும் வேலைக்கூலியும் வேறு. லிதியம் அயன் பொஸ்பேற் போட்டால் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகும், ஆனால் இரண்டாயிரம் தடவை ஓடும், பாரம் மூன்றில் ஒன்றுதான். கணக்கு அப்போதுதான் நிமிரும். ஈயத்தில் செய்து தரச் சொல்லி யாராவது அட்வான்ஸ் கொடுக்க நினைத்தால் நிறுத்துங்கள். கார்ப் புத்தகத்தில் பெற்றோல் என்றுதான் இருக்கிறது, மாற்றத்தைப் பதியாமல் அடிபட்டால் இன்சூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்பதையும் யோசியுங்கள். நான் யோசிக்காமல்தான் ஓட்டினேன், அது என் பிழை.

தம்பியை மட்டம் தட்டுவதாக எடுக்க வேண்டாம். 1995 கடைசியில் டொயோட்டாவின் முதல் பிரியஸ் மாதிரிக் கார் 49 நாள் அசையவே இல்லை, ஒரு கூட்டமே நின்று பார்த்தும். அசைந்தபோதும் 500 மீற்றர்தான் ஓடியது. இரண்டு வருடம் கழித்து 1997 டிசம்பரில் பிரியஸ் கடைக்கு வந்தது. இவனுடையது முதல் நாளே ரவுணைச் சுற்றியது, தனி ஆளாக, கைவிளக்கு வெளிச்சத்தில் வெல்டிங் பண்ணி.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்று விசயம் சொன்னேன்: பூஸ்டருக்கு எஞ்சினை நம்பாத ஒரு வழி, 45 தாண்டினால் தானாக வெட்டுகிற ரிலே, சைக்கிள்காரருக்குக் கேட்கிற மாதிரி ஏதாவது ஒரு சத்தம். மூன்றாவதுக்குச் சிரித்தான். நேற்று போன் எடுத்துக் கேட்டேன், அவனுடைய தாய்தான் கதைத்தா. அடிபட்ட ஹைபிரிட் கார் ஒன்றிலிருந்து கழற்றிய கறண்ட் வெற்றிடப் பம்பு வவுனியாவில் ஒரு கடையில் இருக்கிறதாம், எடுக்கப் போயிருக்கிறான். காரிலா போனவன் என்று கேட்டேன். இல்லை, பஸ்ஸில்.